துளசி, அறுபது பீஸ்

தாழ்ப்பாள் ஒரே தள்ளில் விழாது. தூக்கி, இடதுபக்கமாக ஒரு நெல்லளவு நகர்த்தி, அப்புறம் அழுத்த வேண்டும். துளசிமணி தூக்கினாள், நகர்த்தினாள், அழுத்தினாள், விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். நீச்சல் குளத்துக்கு இந்தப் பக்கம் உடை மாற்ற நான்கு தடுப்பறைகள், இது மூன்றாவது. நான்காவதில் குழாய் ஒழுகும், முதலாவது வாசலுக்கு நேர், இரண்டாவதின் கதவுக்கு அடியில் முக்கால் அடி இடைவெளி. இதில் அரை அடிதான். செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை பெண்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டு தடவை வந்தாயிற்று, பன்னிரண்டு தடவையும் இதே அறை, இதே ஆணி, ஆணியில் இதே பச்சைத் துண்டு. கதவிலிருந்து குளத்து ஏணிவரை இருபத்திரண்டு அடி, அவள் காலால் எண்ணியது. அந்த இருபத்திரண்டையும் துண்டைச் சுற்றிக்கொண்டு கடந்து, ஏணிக் கம்பியில் துண்டைப் போட்டு, யாரும் திரும்புவதற்குள் கழுத்துவரை தண்ணீருக்குள் போய்விடுவாள். முட்டித் தேய்மானத்துக்குத் தண்ணீருக்குள் நடக்கச் சொன்ன டாக்டர், தண்ணீர்வரை எப்படி நடப்பது என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பயம் பின்னால் போய்விட்டது. இன்றைக்கு அவள் ஒளிந்திருக்கவில்லை, காத்திருக்கிறாள். பத்து அடித்து நான்கு நிமிஷம். தனபாக்கியம் வர வேண்டும். வருவாள், பக்கத்து அறையில் மாற்றுவாள், துளசிமணி தைத்துக் கொடுத்த நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு எல்லாரும் பார்க்க நடந்து, எல்லாரும் பார்க்க இறங்குவாள். இறங்கட்டும். முப்பத்துநான்கு வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் பத்து நிமிஷம் பெரிதா.

தனபாக்கியத்தின் இடுப்பு நாற்பத்தெட்டு. ரவிக்கைக்கு என்றால் உடம்பளவுக்கு மேலே ஒன்றரை இஞ்ச் விட வேண்டும், மூச்சு விடவும் கை தூக்கவும். நீச்சல் துணிக்குக் கணக்கு தலைகீழ். இழுத்த இழுப்புக்கு வரும் அந்தத் துணியில் விடக்கூடாது, குறைக்க வேண்டும், பத்துக்கு ஒன்று. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்து மூன்று. கரையில் நிற்கும்போது பிடிக்கும், அக்குளில் கடிக்கும், கை தேர்ந்தவள் தைத்ததா இது என்று தோன்றும். தண்ணீரில் இறங்கி ஊறினதும் தோலோடு தோலாக நின்றுவிடும். உடம்பளவுக்கே வெட்டினாலோ, கரையில் பட்டுப் போல இருக்கும், இறங்கினதும் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொள்ளும். அது துளசிமணிக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருஷம் கம்பெனியில் சேம்பிள் மெஷினில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரிகளுக்கு நீச்சல் உடை தைத்ததால் தெரியவில்லை. அங்கே பேட்டர்ன் கடல் கடந்து வரும், வெட்டினதைத் தைப்பார்கள், பெட்டியில் போடுவார்கள், அவ்வளவுதான். பெரிய சைஸ் என்று சீட்டு இருக்கும், துணியைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போல இருக்கும். வெள்ளைக்காரிக்கு எலும்பு ரப்பராட்ட இருக்கும் போல என்று சிரித்துக்கொண்டே தைத்தார்கள். அத்தனை ஆயிரம் உடையில் ஒன்றையாவது நனைந்து பார்த்தவர் அந்தக் கம்பெனியில் ஒருத்தர் இல்லை. துளசிமணி பார்த்தது வைகாசியில், இந்தக் குளத்தில், தன் உடம்பின் மேலேயே. தனக்கென்று முதன்முதலாகத் தைத்ததைக் கூச்சத்தில் தாராளமாக வெட்டியிருந்தாள், உடம்போடு ஒட்டக்கூடாது என்று. முட்டிவரை கால், மேலே ஒரு சுற்றுப் பாவாடை, முழங்கை வரை கை. இறங்கின மூன்றாம் படியில் பாவாடை குடையாக விரிந்தது, வயிற்றில் ஒரு குடம் தண்ணீர் புகுந்தது, தோள் நழுவியது, ஏறும்போது இரண்டு காலிலும் தண்ணீர்ப் பை தொங்கியது. நல்ல வேளையாக அன்றைக்கு மழை, குளத்தில் இரண்டே பேர். வீட்டுக்குப் போய் அதை வெயிலில் போட்டு, பிரித்து, நாற்பத்து நான்கை முப்பத்தொன்பதரையாக்கித் திரும்பத் தைத்தாள். அந்த ஒரு தப்பு கற்றுக் கொடுத்ததை முப்பத்தொரு வருஷம் கற்றுக் கொடுக்கவில்லை. தப்பை எறிந்துவிடக் கூடாது, எடுத்து வைத்தால் ஒரு நாளைக்கு உதவும். போன மாதம் தனபாக்கியத்தின் துணியை மேஜையில் விரித்து, சாக்கட்டியால் நாற்பத்து மூன்றில் ஒரு கோடு போட்டாள். பிறகு அதைத் தட்டி அழித்துவிட்டு நாற்பத்தெட்டில் போட்டாள். பிறகு இன்னும் அரை இஞ்ச் தள்ளிப் போட்டாள். நாற்பத்தெட்டரை. கத்தரி ஒரு நூல்கூட விலகவில்லை.

செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து நடக்கிற செருப்பு, இடது கால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அறைக்கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருகிறாள், வாழ்நாளெல்லாம் கதவு தட்டாமல் நுழைந்தவள்.

"துளசீ! வந்துட்டயா புள்ளை?"

"வந்துட்டனுங்க்கா. மூணாவதுல இருக்கறேன்."

"இரு, நான் ரெண்டாவதுல பூந்துக்கறேன். ஐயோ, இதென்ன புள்ளை கீழ இத்தாப்பெரிய சந்து? காலு தெரியாதா?"

"காலு தெரிஞ்சா என்னங்க்கா. பொம்பளைக மட்டுந்தானுங்க."

சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். நாக்கு எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறது. பொம்பளைக மட்டுந்தான். அந்த வார்த்தை இவளுடையதல்ல, அவளுடையது, முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் நூல் போட்டு வைக்கும் அறையில் அவள் சொன்னது. தனபாக்கியம் அப்போது பினிஷிங் சூப்பர்வைசர், முப்பத்துமூன்று வயது, கொடியைப் போல இருப்பாள், கூடத்தில் நடந்தால் இஸ்திரிக்காரர்கள் இஸ்திரியை நிறுத்துவார்கள். துளசிமணிக்கு இருபத்தெட்டு, மார்பு நாற்பது, இடுப்பு நாற்பத்தொன்று, அப்போதைக்கு அந்தக் கூடத்திலேயே பெரிய உடம்பு. பெரிய சைஸில் ஒரு ஆர்டர் வந்திருந்தது, அறுபது பீஸ். கம்பெனியில் இருந்த பொம்மையோ ஒல்லிப் பொம்மை. சேம்பிளைப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "எதுக்குங்க பொம்மை, நம்ம துளசி இருக்கறாளல்லொ," என்றாள் தனபாக்கியம். நூல் அறைக்குக் கூட்டிப்போய் உடையைக் கையில் கொடுத்தாள். கையில்லாதது, காலில்லாதது, நீலத்தில் மஞ்சள் பூ. அக்கா, கூச்சமா இருக்குதுங்க, யாரும் பாக்க மாட்டாங்களே? பொம்பளைக மட்டுந்தான் புள்ளை, நான் வாசல்லயே நிக்கறேன். உள்பாவாடையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு அதன்மேல் மாட்டினாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கீழே குனிந்து தன்னையே ஒரு தடவை பார்த்தாள். இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்று, அந்த ஒரு நொடி நன்றாக இருந்தது. மஞ்சள் பூ வயிற்றின்மேல் விரிந்து, தையல் எங்கும் சுளிக்காமல், தான் தைத்தது தன்மேலேயே உட்கார்ந்து, இது சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. அப்போது கதவு திறந்தது. மணிக்கட்டில் தனபாக்கியத்தின் கை. இழுத்த இழுப்பில் கட்டிங் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் ஒன்று, உதவிக்கு இருவர் மூன்று, இஸ்திரிக்காரர் நால்வர் ஏழு, பெட்டி கட்டுபவர் இருவர் ஒன்பது, ஆபீஸ் கணக்குப்பிள்ளை பத்து, டீ கொண்டுவந்தவர் பதினொன்று. பதினொரு பேர். உள்பாவாடையின் சுருட்டு ஒரு பக்கம் அவிழ்ந்து விழுந்தது. யாரோ சிரித்தார்கள், யார் என்பதை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை, பதினொன்றில் ஒருத்தர், பத்துப் பேர்மேல் அநியாயமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோமோ என்றுகூட நினைத்திருக்கிறாள். "பாத்துக்குங்க, இதுதான் துளசி சைஸ்," என்று சொன்னவள் யார் என்பதில் சந்தேகமில்லை. சொன்னதோடு விடாமல் சாக்கட்டியை எடுத்து அட்டைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் எழுதினாள். துளசி, அறுபது பீஸ்.

அதோடு போயிருந்தால் போயிருக்கும். சாக்கட்டி எழுத்து ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் அந்த வார்த்தை வாய்க்கு வசதியாக இருந்தது, அதுதான் பிரச்சினை. மீடியம் இருநூறு, லார்ஜ் நூற்றிருபது, துளசி அறுபது. துளசியில் நாலு பீஸ் டேமேஜ். துளசிக்கு எலாஸ்டிக் தீர்ந்துபோச்சு. துளசியை அந்த மூலையில் அடுக்கு. பத்தொன்பது வருஷம். தனபாக்கியம் பத்தாவது வருஷம் மகன் புதுக் கம்பெனி வைத்ததும் நின்றுவிட்டாள், வார்த்தை நிற்கவில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு அது ஒரு ஆளின் பெயர் என்றே தெரியாது. ஒரு திங்கட்கிழமை பக்கத்து மெஷினுக்கு வந்த ஒருத்தி, "ஏனுங்க்கா, துளசின்னா எத்தனை இஞ்சுங்க?" என்று இவளிடமே கேட்டாள். நாற்பத்தொன்று என்றாள் துளசிமணி. "உங்க பேருங்க்கா?" மணி என்றாள். அன்றைக்குப் பெயரில் பாதியை வெட்டி எறிந்தாள், ஓவர்லாக் மெஷின் ஓரத்துத் துணியை வெட்டி எறிகிறதே, அப்படி. அதற்கப்புறம் எங்கே போனாலும் மணிதான். இந்தக் குளத்தில் அவளிடம் நீச்சல் உடை தைத்துக்கொண்ட நான்கு பேருக்கும் அவள் மணியக்கா. வீட்டில் பீரோக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததை அவள் புருஷன் ஏன் என்று ஒரு தடவை கேட்டார். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். நல்ல மனிதர், நம்பிவிட்டார், நம்பியே போய்ச் சேர்ந்தார். பெரிய பூப்போட்ட சேலை எடுத்து வந்தால் கடைக்கு நடந்துபோய்ச் சின்னப் பூவாக மாற்றி வருவாள். பெரிய பூ ஆளை அகலமாகக் காட்டும் என்பது காரணம். மஞ்சள் பூ என்பது காரணத்துக்குள் காரணம்.

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் உடை உரசுகிற சத்தம். தனபாக்கியம் மூச்சு வாங்குகிறாள். கால் நுழைகிறது. அவளும் கொடியாக இல்லை இப்போது. மாத்திரை உடம்பை ஊதிவிட்டது, மூட்டு இரண்டும் போய்விட்டது, அதே டாக்டர், அதே தண்ணீர். கடையில் எதுவும் சேரவில்லை என்று போன மாதம் இவள் வீட்டுப் படியேறி வந்தாள், ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு. "உன்னையாட்டத் தைக்க ஆளு ஏது புள்ளை, நம்ம கம்பெனில நீதான கைகாரி," என்றாள். மறந்திருக்கிறாள். முழுக்க மறந்திருக்கிறாள். அவள் நினைவு வைத்துக்கொண்டு வந்திருந்தால், ஒரு பேச்சுக்காகவாவது அந்தக் காலத்தில் ஏதோ விளையாட்டாக என்று இழுத்திருந்தால், நாற்பத்து மூன்றிலேயே கத்தரி வைத்திருப்பேனோ என்று துளசிமணி யோசித்துப் பார்த்திருக்கிறாள். வைத்திருக்க மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. அளவெடுக்க டேப்பைச் சுற்றியபோது தனபாக்கியம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள்: "கூச்சமா இருக்குது புள்ளை. அங்க யாரும் பாக்க மாட்டாங்களே?" டேப் கையிலிருந்து நழுவப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் தெய்வம் தனக்கென்று ஒரு காரியம் செய்தது உண்டென்றால் அதுதான், அந்தக் கேள்வியை அந்த வாயிலிருந்தே வரவைத்தது. "பொம்பளைக மட்டுந்தானுங்க்கா." நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டாள். அவள் போனதும் பழத்தை எண்ணினாள், ஒன்பது. ஒன்பதையும் தெருவில் போன மாட்டுக்குப் போட்டாள்.

"துளசி, அருமையா இருக்குது புள்ளை!" பலகை அதிர்ந்தது. "எங்கியும் புடிக்கவேயில்ல. காத்தாட்ட இருக்குது. கடைல போட்டுப் பாத்தனே, மூச்சு முட்டுச்சு. நீ வர்றயா?"

"முன்னால போங்க்கா. நான் வர்றேன்."

"எல்லாருத்துக்கும் காமிக்கோணும்." தாழ்ப்பாள் திறந்தது. துண்டு எடுத்துக்கொள்கிறாளா? எடுக்கவில்லை. செருப்பையும் விட்டுவிட்டாள். வெறும் காலடி ஈரத் தரையில் சப் சப் என்று போகிறது, ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் சந்து உண்டு. துளசிமணி கண்ணை வைத்தாள். சுற்றுப் பாவாடை வைத்த கருநீல உடையில் தனபாக்கியம், அகலமாக, கை வீசி, வெட்கமே இல்லாமல் நடக்கிறாள். கூச்சம் என்று சொன்னவள் எங்கே போனாள்? வீட்டில் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டிருப்பாள். பெரிய உடம்போடு ஒருத்தி அப்படி நடக்க முடியுமா, இடித்துக்கொள்ளாமல், குனியாமல், கையால் வயிற்றை மறைக்காமல்? அந்த நடை என்னிடமிருந்து எடுத்தது. அந்த இருபத்திரண்டு அடியை இவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதில் இவளே நடக்கிறாள். இருக்கட்டும். நட. ஏழு, எட்டு, ஒன்பது. துளசிமணி தன் உடையைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது, அக்குளில் கடித்தது, முட்டிக்கு மேலே எலாஸ்டிக் கோடு போட்டது. சரியான உடைக்கு இதுதான் அடையாளம். கீழே குனிந்து பார்த்தாள், முழுசாக அல்ல, வயிறு தெரிகிற வரைக்கும். உடனே ஆணியில் இருந்த துண்டைப் பார்த்தாள். பார்க்க எத்தனை பேர்? பல் டாக்டரம்மா ஒன்று, அவள் நாத்தனார் இரண்டு, பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற இருவர் நான்கு, பெயர் தெரியாத மூவர் ஏழு, சொல்லிக் கொடுக்கிற பெண் ஆக்னஸ் எட்டு, வாசலில் சீட்டுக் கிழிப்பவள் ஒன்பது. ஒன்பது பேர். இரண்டு குறைகிறது. போகட்டும், பழத்தோடு சரி.

கரையில் நின்று தனபாக்கியம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "எப்புடி இருக்குதுங்க? நம்ம துளசி தெச்சது!"

"துளசியா, யாரு துளசி?" என்றாள் பல் டாக்டரம்மா.

"அதுதான், மூணாவது ரூம்ல இருக்கறாளே."

"மணியக்காவா! அவங்க பேர் துளசியா?"

பெயர் தண்ணீரின்மேல் போய் எதிர்ச்சுவரில் அடித்துத் திரும்பி வந்தது. துளசிமணியின் கை தாழ்ப்பாளில் இறுகியது. இதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணினாள், அடியை, ஆளை, இஞ்சை, வருஷத்தை. நாற்பத்தெட்டரையின்மேல் யாருடைய பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை எண்ணவில்லை. துணிக்குள்ளே தண்ணீர் புகுந்து அது பூசணிக்காயாக மிதக்கும்போது இந்த ஒன்பது பேரும் என்ன சொல்வார்கள்? தனபாக்கியம் என்றா சொல்வார்கள்? துளசி என்பார்கள். துளசி தைத்தது, துளசி வெட்டினது, துளசி அளவு. மறுபடியும் அதே பெட்டி, அதே சாக்கட்டி, எழுதுகிற கை மட்டும் இந்தத் தடவை என்னுடையது. கூப்பிடு. இப்போதே கூப்பிடு, அக்கா இறங்காதீங்க என்று ஒரு வார்த்தை. இறங்கட்டும். கூப்பிடு. இறங்கட்டும், இறங்கி, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு. ஏணிக்கு ஐந்து படி. ஒரு படி இறங்கிவிட்டாள். இரண்டு. "மெதுவா ஆன்ட்டி, கம்பியைப் பிடிச்சுக்குங்க," என்கிறாள் ஆக்னஸ். மூன்றாம் படியில் பாவாடை விரிந்தது.

அச்சாக, வைகாசியில் விரிந்ததைப் போலவே. குடையாகக் கிளம்பி மார்புவரை வந்து நின்றது. தனபாக்கியம் அதை ஒரு கையால் அமுக்கினாள், அது மறுபக்கம் கிளம்பியது. கழுத்து வாய் திறந்து தண்ணீரைக் குடித்தது, வயிறு உப்பியது, தோள் ஒன்று நழுவி முழங்கையில் நின்றது. "ஐயோ, என்ன புள்ளை இது, உள்ளுக்குள்ள ஆரோ குடி வந்தாப்பல இருக்குது!" என்று கத்தினாள். சிரிப்பு எழுந்தது. முதலில் நாத்தனார், பிறகு பாங்க்கில் இருந்தவர்கள், சீட்டுக் கிழிப்பவள் எழுந்தே வந்துவிட்டாள். இதைத்தான் கேட்டாள் துளசிமணி, முப்பத்துநான்கு வருஷமாக இதே சத்தத்தை, வேறொருத்தியின்மேல். நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது. தனபாக்கியம் முகம் சிவந்து, சிரிக்கப் பார்த்து, முடியாமல், ஒரு கையால் கழுத்தைப் பிடித்து ஒரு கையால் கம்பியைப் பிடித்து, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரில் வைத்தாள். வை. சுவரில்தான் வைக்க வேண்டும், வேறே இடம் கிடையாது, எனக்குத் தெரியும். இனிப்பு முழுசாக இறங்குவதற்குள் பல் டாக்டரம்மா சொன்னாள்: "எங்கேயோ அளவு தப்பிடுச்சு. மணியக்கா இப்படித் தப்பு பண்ண மாட்டாங்களே."

"போச்சாது உடுங்க," என்றாள் தனபாக்கியம். மூச்சு வாங்கிக்கொண்டு, நல்லவளாக, பெரிய மனுஷியாகச் சொன்னாள். "அவளுக்கும் வயசாச்சல்ல. கண்ணு மங்கிருக்கும், கை நடுங்கிருக்கும். பாவம். ஆரும் அவளை ஒண்ணுஞ் சொல்லாதீங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மன்னிக்கிறாள். அவள் என்னை மன்னிக்கிறாள். தப்பு. கண்ணு. நடுக்கம். பாவம். நான்கு வார்த்தை, நான்கும் ஊசி. தாழ்ப்பாளைத் தூக்க மறந்து இழுத்தாள், வரவில்லை. தூக்கி, ஒரு நெல்லளவு நகர்த்தி, இழுத்தாள். கதவு சுவரில் மோதிய சத்தத்தில் சிரிப்பு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. தரை குளிர்ந்தது. ஐந்தாவது அடியில் தோள் லேசாக இருப்பது தெரிந்தது, ஆறாவதில் ஏன் என்று தெரிந்தது. துண்டு ஆணியில் இருக்கிறது. திரும்பினால் ஆறு, போனால் பதினாறு. ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தனபாக்கியத்தோடு பத்து, பதினொன்றாவது ஆளாகத் துளசிமணி தன்னைத் தானே பார்த்தாள்: நாற்பத்து நான்கு இடுப்பு, முப்பத்தொன்பதரைக்கு வெட்டினது, எங்கும் சுளிக்காமல் நடந்துகொண்டிருந்தது. ஏழு, எட்டு. கை வயிற்றுக்குப் போகப் பார்த்தது. போகாதே என்றாள், போகவில்லை. இருபத்திரண்டு. ஏணிக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"தப்பா வெட்டலைங்க," என்றாள்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"கண்ணும் மங்கல, கையும் நடுங்கல. உங்க இடுப்பு நாப்பத்தெட்டு. நாப்பத்தி மூணுக்கு வெட்டோணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நாப்பத்தெட்டரைக்கு வெட்டுனேன்."

"எதுக்கு புள்ளை?" தனபாக்கியத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. கழுத்துத் துணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"துளசி, அறுபது பீஸ்."

மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தனபாக்கியத்தின் முகத்தில் அது மெதுவாக இறங்கியது, தண்ணீரில் போட்ட கல் தரையைத் தொடுகிற மாதிரி.

"அது... வெளையாட்டுக்குச் சொன்னது புள்ளை."

"பத்தொம்பது வருசங்க்கா."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லொ நீ?"

"இப்பச் சொல்லீட்டேன்." துளசிமணி பல் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "என்ற பேரு துளசிமணிங்க. மணின்னு சொன்னது நாந்தான். இனி முழுசாக் கூப்பிடுங்க."

பிறகு ஏணியில் இறங்கினாள், ஐந்து படி, கீழே ஒதுங்கி நின்ற தனபாக்கியத்தைத் தொடாமல் அவளுக்கு அந்தப் பக்கமாக. தண்ணீர் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கழுத்து ஓரம் தோலோடு நின்றது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பின்னால் தனபாக்கியம் ஏறப் பார்த்தாள். ஏணிக்கு இரண்டு கை வேண்டும், கழுத்துக்கு ஒரு கை வேண்டும், இரண்டு காலிலும் தண்ணீர்ப் பை தொங்கியது. ஒரு படி ஏறினாள், திரும்ப இறங்கினாள்.

"துளசி." சின்னக் குரல், டேப் சுற்றியபோது வந்த குரல். "அந்தத் துண்டையாவது எடுத்துக் குடு புள்ளை."

துளசிமணி நின்றாள். நின்றது இரக்கத்துக்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"துண்டு உள்ளதான் இருக்குதுங்க்கா," என்றாள். "இருபத்திரண்டு அடி. நடந்து போய் எடுத்துக்கலாம். பொம்பளைக மட்டுந்தானுங்க."

எதிர்ச்சுவரைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். முட்டி வலித்தது. போக ஒன்று, வர ஒன்று, பன்னிரண்டு முறை நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.